மங்கலதேவி மலைக்குப் போகிறவர்களுக்கு: ஜீப், நடைபாதை, வரிசை, சாப்பாடு

சித்ரா பௌர்ணமிக்கு மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போவதாக இருந்தால் குமுளி வழியாக ஜீப்பில் போங்கள். விடிவதற்கு முன்பே ஜீப் வரிசையில் நின்றுவிடுங்கள். முழங்காலும் மூச்சும் ஒத்துழைக்கிறவர்கள் தமிழ்நாட்டுப் பக்கம் பளியன்குடியிலிருந்து நடந்து ஏறுங்கள். இரண்டு வழியும் எனக்குப் பழக்கம். இந்த முறை அம்மாவுக்காக ஜீப்பில் ஏறினேன், இறங்கும்போது நடந்து வந்தேன். அதனால் இரண்டையும் பற்றிச் சூடு ஆறுவதற்குள் எழுதுகிறேன்.

வண்டிப்பெரியாற்றில் தையல் கடை வைத்திருக்கிறேன். தாத்தா கம்பம் பக்கத்திலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு மலை ஏறி வந்தவர். அம்மா ஆயுசு முழுக்கக் கொழுந்து கிள்ளியவர், இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார். எங்களுக்கு ரேஷன் கார்டு கேரளாவில். கல்யாணம், காதுகுத்து எல்லாம் கூடலூரிலும் கம்பத்திலும். எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு மங்கலதேவி இரண்டு பக்கத்துக்கும் பொதுவான காவல் தெய்வம். மழை பிந்திப்போனால் அம்மா மலை இருக்கிற திசையைப் பார்த்து அவளைத்தான் கூப்பிடுவார். இந்தக் கோயிலைப் பற்றி எழுதும்போது எனக்கு நடுநிலை எல்லாம் வராது. ஏற்பாடுகள் நன்றாக இருந்தால் மனம் நிறைகிறது, குறை இருந்தால் வலிக்கிறது.

போகாதவர்களுக்காகச் சுருக்கமாக: தேனி மாவட்டமும் இடுக்கி மாவட்டமும் தொட்டுக்கொள்கிற மலை உச்சியில், சுமார் 1,300 மீட்டர் உயரத்தில் கோயில் இருக்கிறது. சுற்றிலும் பெரியாறு புலிகள் காப்பகத்துக் காடு. ஆகவே வருடத்தில் ஒரே நாள், சித்திரை மாதப் பௌர்ணமி அன்று மட்டும்தான் பக்தர்களை விடுகிறார்கள். இரண்டு மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து கூட்டம் போட்டு ஜீப், தண்ணீர், மருத்துவம், போலீஸ் என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே முடிவு செய்கின்றன. காலை ஆறு மணியிலிருந்து ஏற விடுகிறார்கள். மதியம் இரண்டரை மணி வாக்கில் ஏறுவதை நிறுத்திவிடுவார்கள், ஐந்தரைக்குள் மலையில் ஒருவரும் இருக்கக் கூடாது. நேரம் வருடத்துக்கு வருடம் கொஞ்சம் முன்னே பின்னே மாறும், அதனால் அந்த வருடத்து அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

குமுளியில் நாங்கள் இறங்கியபோது இருட்டுத்தான். ஆனால் ஊர் முழுக்க விழித்திருந்தது. ஏலக்காய்க் கடைகள் பூட்டிக் கிடக்க, டீக்கடைகள் எல்லாம் திறந்திருந்தன. ஒரு கடையில் புட்டும் கடலைக்கறியும் ஆவி பறந்தது, அடுத்த கடையில் இட்லிக் கொப்பரை. மேலே எப்போது சாப்பாடு கிடைக்கும் என்று சொல்ல முடியாது, அதனால் அம்மாவை உட்கார வைத்து நான்கு இட்லி சாப்பிட வைத்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். விரதம் இருக்கிறவர்கள் ஒரு டம்ளர் பாலாவது குடித்துவிட்டு ஏறுங்கள். மேலே காற்று சில்லென்று இருந்தாலும் வெயில் உச்சந்தலையைப் பிளக்கும்.

ஜீப் ஏற்பாடு எனக்கு உண்மையிலேயே திருப்தியாக இருந்தது. சோதித்து அனுமதி கொடுத்த வண்டிகள்தான் மேலே போகலாம். ஒரு வண்டியில் எத்தனை பேர், தலைக்கு எவ்வளவு என்பதை அதிகாரிகளே முடிவு செய்து அறிவிக்கிறார்கள். இரு சக்கர வண்டிகளுக்கு அனுமதி கிடையாது. வரிசை ஒழுங்காக நகர்ந்தது. வரிசைக்கு வெளியே நின்ற ஒரு வண்டிக்காரர் மட்டும், கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தால் இப்போதே கிளம்பலாம் என்று அம்மாவின் கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிட்டார். அப்படிக் கூப்பிட்டால் போகாதீர்கள். பக்கத்திலேயே போலீஸ் நிற்கிறது, சொன்னால் உடனே கேட்கிறார்கள். நான் சொன்னேன், கேட்டார்கள்.

வண்டியில் ஏறும்போது ஒரு விஷயம் முக்கியம். வயதானவர்களை ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கிற, முன்னோக்கிப் பார்க்கும் இருக்கையில் உட்கார வையுங்கள். பின்பக்கத்தில் எதிரெதிராக இருக்கும் பெஞ்சு இளவட்டங்களுக்கு. குமுளியிலிருந்து கோயில் வரைக்கும் ஏறக்குறைய 13 கிலோமீட்டர். அதில் முக்கால்வாசி காட்டுக்குள் போகிற மண் பாதை. குண்டும் குழியுமாக, திடீரென்று செங்குத்தாக ஏறும், திடீரென்று ஒரு பக்கமாகச் சாயும். எங்கள் ஓட்டுநர் மலையாளி, சின்னப் பையன். ஒவ்வொரு பள்ளம் வரும்போதும், "அம்மச்சி, முறுக்கெப் பிடிச்சோ" என்று முன்கூட்டியே குரல் கொடுத்தான். அம்மாவும் அவன் சொன்னபடி கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "நீ ரோட்டப் பாத்து ஓட்டுய்யா" என்று தமிழில் பதில் சொல்லிக்கொண்டே வந்தார். அவனுக்கு அப்படியே நல்ல மனது. தண்ணீர் குடிக்க ஓரமாக நிறுத்தியபோது அம்மா இறங்க ஒரு கல்லை எடுத்துப் போட்டான்.

வழியில் வனத்துறை சோதனை உண்டு. பிளாஸ்டிக் பாட்டில், பிளாஸ்டிக் பை, பாலிதீனில் கட்டிய சாப்பாடு எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிடுகிறார்கள். மது, தீப்பற்றும் பொருள்கள் இருக்கவே கூடாது. எவர்சில்வர் பாட்டில், துணிப்பை, வாழை இலையில் கட்டிய சாப்பாடு கொண்டுபோனால் ஒரு பிரச்சினையும் இல்லை. இந்தக் கெடுபிடியை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். சபரிமலைக் காலத்தில் எங்கள் ஊர் வழியாகப் போகும் கூட்டம் சாலையோரம் விட்டுவிட்டுப் போகிறதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்தக் கதி மங்கலதேவிக்கு வரக் கூடாது. யானை நடக்கிற இடம் அது. பாதையோரம் உலராத யானைச் சாணம் கிடந்தது, நாங்களே பார்த்தோம்.

இந்த வழியில் எனக்குப் பிடிக்காதது ஒன்றுதான். குமுளிப் பக்கமிருந்து நடந்து ஏறுகிறவர்களும் ஜீப் போகிற அதே பாதையில் பல இடங்களில் நடக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு வண்டியும் கிளப்புகிற புழுதி அவர்கள் முகத்தில்தான் விழுகிறது. கைக்குழந்தையோடு நடந்த ஒரு பெண் முந்தானையால் குழந்தையின் முகத்தை மூடிக்கொண்டு பள்ளத்துப் பக்கம் ஒதுங்கி நின்றதைப் பார்த்தபோது ஜீப்பில் உட்கார்ந்திருக்கவே எனக்குக் கூசியது. நடக்கிறவர்களுக்கு முழுக்கத் தனிப் பாதை வேண்டும், அல்லது மண்ணில் தண்ணீராவது தெளிக்க வேண்டும். நடக்க முடிவு செய்தவர்கள் பளியன்குடிப் பாதைக்குப் போய்விடுங்கள். அது கஷ்டம், ஆனால் அங்கே வண்டி வராது.

காடு முடிந்து புல்வெளி தொடங்கும் இடத்தில் காற்று மாறுகிறது. கடைசித் திருப்பம் திரும்பியதும் கோயில் தெரிந்தது. அம்மா அங்கேயே செருப்பைக் கழற்றிவிட்டார். இன்னும் நடக்க வேண்டும், கல் குத்தும் என்றேன். "குத்தட்டும்த்தா, அவ நடந்த மலைதான" என்றார். அதற்கு மேல் நான் பேசவில்லை.

கோபுரம், பிரகாரம், மண்டபம் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். பெரிய பெரிய கருங்கற்களை அறுத்து, கல்மேல் கல் அடுக்கிக் கட்டிய பழைய சன்னதிகள். சில நிற்கின்றன, சில பாதி சரிந்திருக்கின்றன. மதிலும் வாசலும் சிதைந்து, விழுந்த கற்கள் புல்லுக்குள் அப்படியே கிடக்கின்றன. சில கற்களில் எழுத்து வெட்டியிருப்பது கைக்குத் தட்டுப்படும். பேராசிரியர் சி. கோவிந்தராசனார் சிலப்பதிகாரம் சொல்லும் வழியைப் பின்பற்றித் தேடிவந்து, கண்ணகிக்குச் சேரன் செங்குட்டுவன் எடுத்த கோட்டம் இதுதான் என்று 1963-ல் சொன்னார். அதன் பிறகுதான் வெளியூர்க்காரர்களுக்கு இந்த மலை தெரியவந்தது. எங்கள் பாட்டிக்கு அதற்கு முன்பே தெரியும். அவர் காலத்தில் மாட்டுக்கு நோய் வந்தாலும் மங்கலதேவிக்குத்தான் முடிந்து வைப்பார்களாம்.

இந்தக் கற்கள் மேல்தான் எனக்கு மிகுந்த கவலை. கூட்டம் ஏற ஏற, விழுந்து கிடக்கும் தூண்கள் மேல் ஏறி நின்று படம் எடுக்கிறார்கள். இடுக்குகளில் சூடம் ஏற்றுகிறார்கள். எழுத்து வெட்டிய கல்லில் குங்குமத்தை அப்புகிறார்கள். தொண்டர்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோகிறார்கள். ஒரு நாள்தானே என்று நினைக்காதீர்கள். வருடத்தில் அந்த ஒரு நாளில்தான் பல ஆயிரம் பேர் வருகிறார்கள், கல் தாங்க வேண்டியதும் அந்த ஒரு நாளைத்தான். சரிந்த பகுதியைச் சுற்றிக் கயிறு கட்டித் தடுத்தாலே பாதி சேதம் குறையும். கல்வெட்டு இருக்கும் இடங்களில் ஒரு பலகை வைத்து, என்ன எழுதியிருக்கிறது என்று தமிழிலும் மலையாளத்திலும் சொன்னால், அதைத் தெரிந்துகொண்டவர் அதன் மேல் குங்குமம் பூசமாட்டார்.

தரிசன வரிசைக்கு வருகிறேன். நாங்கள் ஏழு மணி சுமாருக்கு நின்றோம், ஒரு மணி நேரத்துக்குள் அம்மன் முன்னால் இருந்தோம். பத்து மணிக்கு வந்தவர்கள் வெயிலில் அதைப்போல் மூன்று மடங்கு நேரம் நின்றார்கள். வரிசை நிற்கிற இடத்தில் நிழல் மிகவும் குறைவு. துணிப்பந்தல் போட்டிருந்தார்கள், ஆனால் அது சன்னதிக்குப் பக்கத்தில் கொஞ்ச தூரம் மட்டுமே. கைத்தடி ஊன்றிய பெரியவர்களைத் தொண்டர்கள் பார்த்துப் பார்த்து முன்னால் அனுப்பினார்கள், அது நல்ல பழக்கம். ஆனால் அவர்கள் கண்ணில் படாதவர்கள் அப்படியே நிற்கிறார்கள். அறுபதைத் தாண்டியவர்களுக்கும் கைக்குழந்தைக்காரிகளுக்கும் தனி வரிசை போட்டுவிடலாம்.

பெண்களுக்கான கழிப்பறைதான் பெரிய குறை. தற்காலிகமாக வைத்தவை போதவே இல்லை. உள்ளே தண்ணீர் தீர்ந்துவிட்டால் மறுபடி நிரப்ப நேரமாகிறது. பெண் தெய்வம், கூட்டத்தில் பாதிக்கு மேல் பெண்கள். தாலிக்கயிறு மாற்றவும், பொங்கல் வைக்கவும், வளையல் வாங்கவும் பெண்கள்தான் இத்தனை தூரம் வருகிறார்கள். அவர்கள் முதல் நாள் இரவிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருகிறார்கள் என்றால் அதற்குக் காரணம் இதுதான். என் பக்கத்தில் நின்ற கம்பத்துக்காரப் பெண் அதையே சொன்னார். வெயிலில் மயங்கி விழுந்த ஒரு பெண்ணை மருத்துவ முகாமுக்குத் தூக்கிக்கொண்டு போனதையும் பார்த்தேன். மருத்துவர்கள் நன்றாகக் கவனித்தார்கள், குளுக்கோஸ் ஏற்றி, அரை மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். ஆனால் அவள் மயங்கியதே தண்ணீர் குடிக்காததால்.

தண்ணீர் என்னவோ தாராளமாகவே வைத்திருந்தார்கள். வழியிலும் மேலேயும் தொட்டி தொட்டியாக.

சன்னதியில் பூஜை இரண்டு விதம். ஒரு சன்னதியில் தமிழ்நாட்டுப் பூசாரிகள், இன்னொரு சன்னதியில் கேரள முறைப் பூஜை. இங்கே குங்குமமும் மஞ்சளும், அங்கே இலையில் சந்தனமும் பூவும். அம்மா இரண்டையும் நெற்றியில் இட்டுக்கொண்டார். யாருடைய கோயில், எல்லைக்கோடு எங்கே போகிறது என்று எத்தனையோ வருடமாக வழக்கும் அளவையும் நடக்கின்றன. மேலே நிற்கும்போது எனக்கு அந்தப் பேச்சில் ஆர்வம் வருவதில்லை. திருவனந்தபுரத்து ஆற்றுகால் கோயிலில் பொங்கல் வைக்கிற பெண்களும் கண்ணகி கதையைப் பாட்டாகக் கேட்டுத்தான் அடுப்புப் பற்றவைக்கிறார்கள்; கொடுங்கல்லூர் பகவதியையும் கண்ணகி என்றே பலர் கும்பிடுகிறார்கள். கடல் தாண்டி இலங்கையில் அவள் பத்தினி தெய்வம். இத்தனை பேருக்குச் சொந்தமானவளைப் பார்க்க வருகிறவர்களுக்கு நிழலும் தண்ணீரும் கழிப்பறையும் இருக்கிறதா என்று இரண்டு அரசும் போட்டி போட்டால் நான் சந்தோஷப்படுவேன்.

அலங்காரம் மனதை நிறைத்தது. பட்டும் பூவுமாக, முகம் மட்டும் தெரிய, அந்தப் பழைய கருங்கல் அறைக்குள் விளக்கு வெளிச்சத்தில் அம்மன். நின்று பார்க்க விடுவதில்லை, நகரச் சொல்கிறார்கள். பின்னால் இருக்கும் கூட்டத்தைப் பார்த்தால் அது நியாயம்தான். ஆனால் அதட்டவில்லை, "பாத்துட்டீங்களா பாட்டி, அப்படியே வாங்க" என்று கையைப் பிடித்து நகர்த்தினார்கள்.

வெளியே வந்ததும் கம்பத்துக் கண்ணகி அறக்கட்டளைக்காரர்கள் பெண்களுக்கு மங்கலக் கயிறும் வளையலும் கொடுத்தார்கள். இந்தக் கோயிலுக்கு வருகிறவர்கள் தவறவிடக் கூடாதது இது என்பேன். மதுரை எரிந்த பிறகு, கண்ணகி கொற்றவை கோயில் வாசலில் தன் கைவளையை உடைத்துவிட்டுத்தான் மேற்கு வாசல் வழியாக வெளியே வந்தாள் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. கிழக்கு வாசலில் கணவனோடு நுழைந்தவள், மேற்கு வாசலில் தனியாகப் போகிறாள். வெறுங்கையோடு வையைக் கரை வழியே நடந்து, 14-ஆம் நாள் மலையில் வேங்கை மர நிழலில் நின்றாள். அப்படி வளையல் உடைத்து வந்தவள் வீட்டு வாசலில், அவள் பெயரைச் சொல்லி ஊர்ப் பெண்களுக்கு எல்லாம் வளையல் போட்டு அனுப்புகிறார்கள். என் நாத்தனார் கணவனை இழந்தவள். கூட்டத்தில் ஒதுங்கியே நின்றாள். வளையல் கொடுத்துக்கொண்டிருந்த பெரியம்மா ஒருவர் அவளையும் கூப்பிட்டு, ஒன்றும் கேட்காமல், இரண்டு கையிலும் போட்டுவிட்டார். நாத்தனார் வண்டிப்பெரியாறு வரும் வரைக்கும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே வந்ததாக அம்மா பிறகு சொன்னார். இதற்கு நான் எத்தனை நட்சத்திரம் கொடுப்பது?

சாப்பாடு: அன்னதானம் உண்டு. தக்காளி சாதம், தயிர் சாதம், சர்க்கரைப் பொங்கல் கிடைத்தது. சூடாக, உப்பு உறைப்பு சரியாக இருந்தது, பாக்குமட்டைத் தட்டில் கொடுத்தார்கள். நண்பகலுக்கு மேல் வரிசை நீளமாகிவிடும். உட்கார்ந்து சாப்பிட வேண்டுமானால் கிழக்குப் பக்கம் போங்கள், கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் காலடியில் விரியும். கூடலூர், தென்னந்தோப்பு, திராட்சைப் பந்தல், முல்லையாற்றுத் தண்ணீர் பாயும் வயல்கள். 1895-ல் பெரியாறு அணைத் தண்ணீர் இந்தப் பக்கம் திரும்பிய பிறகு இருபோகம் கண்ட பூமி அது. பாண்டியனும் கொங்கரும் இலங்கை மன்னன் கயவாகுவும் சோழனும் கண்ணகிக்கு விழா எடுத்ததால் நாட்டில் மழை பிழைக்காமல் பெய்தது என்று சிலப்பதிகாரத்தின் தொடக்கத்தில் வருகிறது. தோட்டத்துக்காரிகளான எங்களுக்கு மழை என்றால் வேலை நாள், வேலை நாள் என்றால் கூலி. அம்மா மலையைப் பார்த்துக் கும்பிடுவதற்குப் பின்னால் இத்தனை பழைய கணக்கு இருக்கிறது.

சித்தியும் தம்பியும் கூடலூரிலிருந்து வந்து பளியன்குடிப் பாதையில் ஏறி, பதினோரு மணி வாக்கில் எங்களோடு சேர்ந்தார்கள். சித்திக்கு வேண்டுதல், ஏறுவது நடந்துதான். இறங்க அவருக்குக் கால் வரவில்லை. ஆகவே அம்மாவையும் சித்தியையும் நாத்தனாரையும் ஜீப்பில் குமுளிக்கு அனுப்பிவிட்டு, நானும் தம்பியும் நடந்து இறங்கினோம்.

பளியன்குடிப் பாதை ஆறு, ஏழு கிலோமீட்டர் இருக்கும். தூரத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், செங்குத்தை வைத்துப் போடுங்கள். ஏறுவதற்கு நல்ல தெம்புள்ளவர்களுக்கே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். முதலில் புல்மேடு, பிறகு சோலை, அதற்கும் கீழே வறண்ட காடு. ஒவ்வொரு கட்டத்துக்கும் வெயிலும் புழுக்கமும் கூடும். உதிரிக் கல் உருளும். இறங்கும்போது கட்டைவிரல் நகம் ஷூவுக்குள் முட்டி முட்டி நோகும். புது ஷூ போட்டுக்கொண்டு வராதீர்கள், பழகின செருப்பு அல்லது பழகின ஷூதான். கையில் ஒரு கம்பு கட்டாயம். கீழேயே கம்பு விற்கிறார்கள்.

இவ்வளவு கஷ்டம் சொன்னாலும், ஒரு முறையாவது இந்தப் பாதையில் ஏறிப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். ஜீப்பில் கண் பாதையில் இருக்கும், கை கம்பியில் இருக்கும். இங்கே மலை மெதுவாகக் காலுக்குப் பழகும். முன்பின் தெரியாதவர்கள், "இன்னும் கொஞ்சந்தாண்ணே, ஏறுங்க" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே போவார்கள். முளைப்பாரி சுமந்து வந்த ஒரு குழு ஓரமாக உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தது, எங்களுக்கும் ஆளுக்கு ஒரு டம்ளர் ஊற்றினார்கள். கண்ணகி விண்ணுக்குப் போனதை முதலில் பார்த்தவர்கள் மலைவாழ் குறவர்கள். அவளைத் தெய்வமாக்கிக் குரவை ஆடியதும் அவர்களே. அரசன் அதற்குப் பிறகுதான் வருகிறான். பளியன்குடியில் இன்றைக்கும் பளியர் பழங்குடியினர்தான் மலையை உள்ளங்கை போல் அறிந்தவர்கள். திருவிழாவுக்குக் கொடியேற்றமும் அவர்கள் ஊரில்தான். பாதையில் எங்காவது சந்தேகம் வந்தால் அவர்களைக் கேளுங்கள். தம்பி கேட்டான், ஒரு பெரியவர் சுருக்கமாக, "பாறைக்கு இடம் போ, வலம் போகாத" என்றார். வலப்பக்கம் நேர்ப் பள்ளம்.

இந்தப் பக்கம் சாலை போட வேண்டும் என்று கூடலூர், கம்பம் மக்கள் வெகுகாலமாகக் கேட்கிறார்கள். சித்தியும் கேட்கிறார். அவர் சொல்வது நியாயம், எல்லாரும் குமுளி சுற்றி ஜீப் வாடகை கொடுக்க முடியாது. ஆனால் அந்தச் சோலைக்குள் தார் சாலை வருவதை என் மனம் ஏற்கவில்லை. இப்போதிருக்கும் பாதையிலேயே செங்குத்தான இடங்களில் கல்படியும் பிடிகம்பியும் வைத்து, நடுவில் இரண்டு மூன்று இடத்தில் நிழற்கூரை போட்டால் சித்தி வயதுக்காரர்கள் நிதானமாக ஏறி இறங்கிவிடுவார்கள், காட்டுக்கும் சேதம் வராது. வேண்டுதல்காரர்கள் கேட்பது கார் அல்ல, உட்கார ஒரு திட்டு. இதைச் சித்தியிடம் சொன்னால் சண்டைக்கு வருவார், இருந்தாலும் என் கருத்து இதுதான்.

நேரத்தைப் பற்றியும் ஒரு கோரிக்கை. வருடத்தில் ஒரே நாள் என்பதைக் காட்டுக்காக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஒரு நாளில் நடந்து வருகிறவர்களைக் கொஞ்சம் சீக்கிரமாக, விடியற்காலை ஐந்து மணிக்கே ஏற விடலாம். ஆறு மணிக்குத் தொடங்கினால் பாதி ஏற்றம் கடும் வெயிலில் போகிறது. மேலே வந்து சேர்வதற்குள் வரிசை நீண்டுவிடுகிறது, தரிசனம் முடித்து மூச்சு வாங்குவதற்குள் இறங்கு, இறங்கு என்று விசில் ஊதுகிறார்கள். ஜீப்பில் வந்த எங்களுக்கு மேலே ஐந்து மணி நேரத்துக்கு மேல் கிடைத்தது. நடந்து வந்த சித்திக்கு ஒன்றரை மணி நேரம். வியர்த்து வந்தவர்களுக்குக் குறைந்த நேரம் என்பது சரியில்லை.

நாங்கள் நாலு மணிக்குப் பளியன்குடிக்கு இறங்கிவிட்டோம். பாதி வழியில் கோடைமழை பிடித்துக்கொண்டது. சித்திரையில் மதியத்துக்கு மேல் இந்த மலையில் மழை சகஜம், ஒரு மெல்லிய ரெயின்கோட் பையில் இருக்கட்டும். குடை காற்றில் நிற்காது. மழையில் உதிரிக் கல் வழுக்கும், அதனால் மூன்று மணிக்கு மேல் இந்தப் பக்கம் இறங்கத் தொடங்காதீர்கள். கீழே இறங்கியதும் லோயர்கேம்ப்புக்கும் கூடலூருக்கும் ஷேர் ஆட்டோ கிடைக்கிறது. அங்கிருந்து குமுளிக்கும் கம்பத்துக்கும் பஸ். அம்மாவும் நாத்தனாரும் அதற்குள் வண்டிப்பெரியாறு போய்ச் சேர்ந்திருந்தார்கள், சித்தி மட்டும் குமுளியிலிருந்து பஸ் பிடித்துக் கூடலூர் வீட்டில் காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அன்றைக்குக் குமுளியில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு, கம்பத்திலோ கூடலூரிலோ முதல் நாளே தங்கிவிடுங்கள். அடையாள அட்டை கையில் வைத்திருங்கள். போன் சிக்னல் மேலே வரும் போகும். கூட்டத்தில் பிரிந்துபோனால் எங்கே சந்திப்பது என்று ஏறும்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் அன்னதானப் பந்தலின் இடது மூலை என்று சொல்லி வைத்திருந்தோம்.